பக்கத்து வீட்டு அக்காவின் சாவுச் செய்தி

மரக்காணத்துக்கு எனக்கு மாற்றல் வந்தபோது என் கணவர் இறந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. எனக்கு நாற்பத்தாறு வயது. பிள்ளைகள் இல்லை. சென்னையில் நாங்கள் இருந்த வீட்டில் இனி இருக்க முடியாது என்று நானேதான் மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்தேன். எந்த ஊர் கிடைத்தாலும் சரி என்றிருந்தேன். கிடைத்தது அரசு மேல்நிலைப் பள்ளி, மேல் வகுப்புகளுக்கு ஆங்கிலம், உப்பளத்தை ஒட்டிய கடைசித் தெருவில் ஒரு வாடகை வீடு.

பின் கதவைத் திறந்தால் பாத்திகள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சதுரம் சதுரமாகத் தண்ணீர், நடுவில் நீண்டு ஓடும் வரப்புகள், அங்கங்கே கூம்பு கூம்பாகக் குவித்த உப்பு. பகலில் அந்தப் பக்கம் பார்க்கவே முடியாது. வெளிச்சம் கண்ணைக் குத்தும். சாயங்காலம் நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் மற்ற ஆசிரியர்கள் பாண்டிக்கும் திண்டிவனத்துக்கும் பஸ் ஏறிவிடுவார்கள். ஊரில் தங்கியது நான் ஒருத்திதான். வீட்டுக்கு வந்து டீ போட்டுக் குடித்துவிட்டு, சத்தத்துக்காக டிவியைப் போட்டு வைப்பேன். அரிசி களையும்போது கை தானாக இரண்டு பேருக்கு அளந்துவிடும். மிச்சத்தை மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போவேன். அதைத் திருத்திக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

எனக்கென்று இருந்த ஒரே வேலை, பாதியில் நின்றுபோயிருந்த முனைவர் பட்ட ஆய்வு. நவீன அயர்லாந்துப் புனைவில் நகைச்சுவையும் மனிதர்களின் தாக்குப்பிடிப்பும் என்பது தலைப்பு. கேட்கிறவர்கள் எல்லோரும் ஏன் அயர்லாந்து என்பார்கள். பழைய புத்தகக் கடையில் என் கணவர் ஒரு நாவல் வாங்கிவந்து கொடுத்தார், தொடக்கம் அவ்வளவுதான். அட்டையில் ஒரு கழுதையின் படம் இருந்தது, அதற்காக வாங்கினேன் என்றார். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நான் படித்தேன். ஓயாத மழை, ஈரச் சுவர், சாராயக்கடை, கடன்பட்டவர்கள்போல் மாதா கோயிலுக்குப் போகும் ஜனங்கள், கப்பலேறிப்போன பிள்ளைகள், சாவு வீட்டில் நடக்கும் கேலிப் பேச்சு. ஒன்றை முடித்ததும் அடுத்ததைத் தேடினேன். அப்படியே பதிவும் செய்துவிட்டேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் சிரிப்பு அவருடைய இலாகா. நான் எதையும் நேராக எடுத்துக்கொள்கிறவள். அவர் ஒன்று சொல்லி, நான் அதற்கு மும்முரமாகப் பதில் சொல்லி, பாதியில் அவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு சிரிப்பேன். இருபது வருடம் அப்படித்தான் போனது. அவர் போன பிறகு நான் சிரிக்கவில்லை என்பது எனக்கே தெரியாது. யாரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

அதைக் கண்டுபிடித்தவர் என் கைடு. பாண்டியில் ஒரு கல்லூரியில் பேராசிரியர், ஓய்வு பெறப்போகிறவர், அதிகம் பேசாதவர். மூன்றாவது அத்தியாயத்தை அவரிடம் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் கழித்துப் போனேன். நாற்பது பக்கத்தையும் மேசைமேல் சரியாக அடுக்கி வைத்துவிட்டுச் சொன்னார்.

"தாக்குப்பிடிக்கிறத பத்தி எல்லாம் எழுதியிருக்கீங்கம்மா. நகைச்சுவை எங்க?"

"நாலாவது பிரிவுல இருக்கு சார்."

"அதுல கோட்பாடு இருக்கு. இந்தக் கிழவி கதைய எடுத்துக்குங்க. ஆறு பக்கம் எழுதியிருக்கீங்க. படிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வந்துதா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்ல சார்."

"அப்ப இன்னொரு தடவ படிங்க," என்று தாள்களை என் பக்கம் தள்ளினார்.

அந்தக் கிழவி கதை, நான் படித்துக்கொண்டிருந்த நாவல் ஒன்றில் வரும் ஒரு கிளைக்கதை. மேற்குக் கடற்கரைக் கிராமம். அவளுடைய ஒரே மகன் அமெரிக்காவுக்குப் போய்விட்டான். வருடக்கணக்காகக் கடிதம் இல்லை. ஒருநாள் அவள் தபால்காரர் பெயரில் தானே அவனுக்கு எழுதுகிறாள்: உன் அம்மா இறந்துவிட்டாள், நல்லபடியாக அடக்கம் செய்துவிட்டோம். அவன் வரவில்லை, ஒரு மலர்வளையம் அனுப்பிவைக்கிறான். அதை வாசல் கதவில் ஆணியடித்து மாட்டிவிட்டு, மறுபடி தபால்காரர் பெயரில் எழுதுகிறாள்: பூ நன்றாக இருந்தது, உன் அம்மாவுக்குப் பிடித்திருக்கும், ரிப்பன்தான் கொஞ்சம் குட்டை. இதை வைத்துத்தான் நான் புலம்பெயர்வு, தாய்மை, துயரம் என்று ஆறு பக்கம் எழுதியிருந்தேன். வீட்டுக்கு வந்து மறுபடி படித்தேன். நான்கு முறை. சிரிப்பு வரவில்லை. எதற்குச் சிரிக்க வேண்டும் என்று மூளைக்குத் தெரிந்தது. பென்சிலால் அடிக்கோடு கூடப் போட முடிந்தது.

பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றி இனிச் சொல்கிறேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். உப்பளத்தில் கூலி வேலை. விடிவதற்கு முன் கிளம்பிப் போய், வெயில் ஏறி உச்சிக்கு வந்தபின் திரும்புவார். பாத்திக்குள் நின்று, நீளக் கம்பில் கோர்த்த பலகையால் உப்பை வாரி வரப்பில் ஒதுக்குவது அவர் வேலை. கணவர் கடலுக்குப் போய் இறந்தவர். ஒரே மகன் கல்ஃபில். வீட்டில் ஒரு வேளாங்கண்ணி மாதா படம், ஒரு நாற்காலி, ஒரு கட்டில். தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதுதான் பேச்சு வந்தது. உப்பின் வெளிச்சக் கூச்சத்தில் கண் கெட்டுப்போகாமலிருக்க, ஏதோ ஒரு மருத்துவ முகாமில் அவருக்குக் கறுப்புக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். அதை மாட்டிக்கொண்டு, புடவையை முழங்கால்வரை சொருகி, தலையில் துண்டோடு தெருவில் வந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா டீச்சர் பாக்குறீங்க? ஷூட்டிங்கு முடிஞ்சிது. நாளைக்கு டூயட்டு."

நான் சிரிக்கவில்லை. "வெயில்ல போட்டுக்கிறது நல்லதுதாங்க்கா, கண்ணுக்குப் பாதுகாப்பு," என்றேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

சித்திரை மாதத்தில் ஒருநாள், எதிர்பார்க்காத நேரத்தில் மழை கொட்டியது. விடிகாலையில் தொடங்கி, நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது விட்டது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வாரி ஒதுக்கிய உப்பெல்லாம் கரைந்து, எந்தப் பாத்தி எது என்று தெரியாமல் ஒரே வெள்ளம். வரப்பில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். பத்து நாள் உழைப்பு போனது. அக்காவின் குரல் கேட்டது.

"கடல்ல இருந்து எடுத்தோம், அது வந்து எடுத்துக்கினு போயிடுச்சி. ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருந்தா நாமளே கொண்டுபோய்க் குடுத்திருக்கலாம்."

அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு ஏனோ கோபம் வந்தது. வேலியருகே போய்க் கேட்டேவிட்டேன். "எப்படிக்கா சிரிக்கிறீங்க?"

"அழுவலாந்தான் டீச்சர். பாத்தியில ஏற்கெனவே தண்ணி ரொம்பிக் கெடக்குது."

அன்று வகுப்பில் பாடம் நடத்தும்போது இந்த வாக்கியம் மண்டைக்குள் ஓடிக்கொண்டேயிருந்தது. சாயங்காலம் வந்து ஆய்வு நோட்டில் எழுதி வைத்தேன். எழுதிய பிறகு, அடுத்தவர் வீட்டுப் பொருளைக் கேட்காமல் எடுத்துவிட்டதுபோலக் கூச்சமாக இருந்தது.

ஆனால் அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் நின்றது என்று இரண்டு நாளில் தெரிந்தது. அக்கா வெளியே வரவில்லை. குழாயடிக்கும் வரவில்லை. கதவைத் தட்டிப் பார்த்தேன். கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். காய்ச்சல் பெரிதாக இல்லை. கஞ்சி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுந்து உட்கார்ந்து, இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"எம் புள்ள பேசி ஏழு மாசம் ஆவுது டீச்சர். போனு அடிக்குது. எடுக்க மாட்டேங்குறான். உயிரோட கீறானா இல்லியான்னு கூடத் தெரியல."

ஆறுதல் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எனக்குச் சொல்லப்பட்ட ஆறுதல்கள் எதுவும் என்னிடம் ஒட்டவும் இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வேறு வழி தெரியாமல், அயர்லாந்துக் கிழவியின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். தலையில் எப்போதும் இருந்தது அது ஒன்றுதான்.

அக்கா உடனே கதைக்குள் போகவில்லை. "அந்த ஊர்ல இன்னா வேல செய்வாங்க?" என்று கேட்டார்.

"சேத்து நிலத்துல மண்ண வெட்டிக் காய வைப்பாங்கக்கா. காஞ்சதும் அடுப்புல போட்டு எரிப்பாங்க."

"மண்ணக் காயவச்சி எரிக்கிறாங்களா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "நாம தண்ணியக் காயவச்சித் திங்கிறோம். சரிதான். மாதா கோயிலு உண்டா?"

"எல்லா ஊர்லயும். வீட்டுக்கு வீடு மாதா படம் இருக்கும்."

"அப்ப நம்ம ஆளுங்கதான். சொல்லுங்க."

சொன்னேன். மலர்வளையம் வந்தபோது அக்கா சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டார். கதவில் மாட்டியபோதும் சிரிக்கவில்லை. ரிப்பன் குட்டை என்றதும்தான் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை. "பாவி! செத்தும் கொற சொல்றா பாரு!" நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு முறை படித்தும் எனக்குத் தெரியாதது அப்போது தெரிந்தது. மகனிடம் குறை சொல்வதற்காவது அந்தக் கிழவிக்கு மகன் வேண்டியிருந்தது. ரிப்பனைப் பற்றிப் பேசினால்தான் பேச்சு அறுந்துபோகாமல் இருக்கும். சிரித்து முடித்தபின் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கஞ்சியைக் குடித்து முடித்தார்.

மூன்று நாள் கழித்து ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். அவரிடம் இருந்தது பட்டன் போன்.

"டீச்சர், உங்க போன்ல பேசி அனுப்பலாம் இல்ல? வாய்ஸு?"

"அனுப்பலாங்க்கா."

மகனின் எண்ணைப் பதிந்துகொண்டு, பொத்தானை அழுத்திப் போனை அவர் வாயருகே பிடித்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டார். சாவு வீட்டுத் தகவல் சொல்கிற குரலில், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"ஏம்பா, மரக்காணத்துல இருந்து, பக்கத்து வீட்டு டீச்சர் போன்ல பேசுறோம். உங்க அம்மா எறந்துட்டாங்க. நாளைக்கு அடக்கம். உனக்கு வேல இருந்தா வராத. அவங்க ஒன்னும் தப்பா நெனச்சிக்க மாட்டாங்க."

பதிவை நிறுத்தினேன், அனுப்பும் பொத்தானுக்கு விரல் போகவில்லை. "அக்கா, இதையா அனுப்பணும்?"

"அனுப்புங்க."

"பயந்துடுவாரு."

"எங்கொரலு அவனுக்குத் தெரியாதா? தெரியலன்னா நான் செத்ததா இருக்கட்டும்."

அழுத்தினேன். போய்விட்டது. போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக இரண்டு கோடு விழுந்தது, ஆனால் கேட்டதற்கான அடையாளம் வரவில்லை. அன்று முழுக்க, மறுநாள் முழுக்க, நான் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். புத்தகத்தில் இருந்த ஒன்றை எடுத்து ஒரு வீட்டுக்குள் விட்டுவிட்டேனே என்று இருந்தது. கதையில் கிழவிக்குப் பூ வந்தது. நிஜத்தில் அந்தப் பையன் இதைக் கேட்டு என்ன செய்துகொள்வானோ என்று பயந்தேன். கேட்காமலே இருந்துவிட்டால் அக்கா என்ன ஆவார் என்றும் பயந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம், ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு எண். எடுத்தேன்.

"டீச்சருங்களா? எங்கம்மா பக்கத்து வீடா?" இளம் ஆண் குரல்.

"ஆமாப்பா. அம்மா நல்லா இருக்காங்க. உயிரோடதான் இருக்காங்க. அது சும்மா..."

"தெரியுங்க. அவங்கதான பேசுனாங்க. அடக்கம் எத்தினி மணிக்குன்னு கேளுங்க."

அதைச் சொல்லும்போது சிரிக்கத்தான் பார்த்தான். பாதியில் குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. "வெச்சிடாதப்பா, அஞ்சு நிமிஷம், வெச்சிடாத," என்று சொல்லிக்கொண்டே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மழைக்குப் பிறகு அக்காவுக்கு வேலை சாயங்காலம்வரை நீண்டிருந்தது. பாத்தியில்தான் இருப்பார் என்று தெரியும். வரப்பில் நான் அதுவரை நடந்ததில்லை. காலணி வழுக்கியது. ஒரு கையில் குடை, ஒரு கையில் அணையாத போன். தூரத்தில் கறுப்புக் கண்ணாடியோடு நின்று அக்கா என்னைப் பார்த்தார். பலகையை அப்படியே விட்டுவிட்டு வரப்பில் ஏறினார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார்.

"டேய்," என்றார்.

பிறகு, "மால வாங்கிக்கினு வர்றியா, வெறுங்கையோட வர்றியா?" என்றார்.

அவன் ஏதோ சொன்னான். நீளமாகச் சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. அக்காவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று, மெதுவாக இறங்கியது.

"எந்தக் கை?" என்றார்.

பதில் வந்தது.

"எத்தினி வெரலு?"

பதில் வந்தது.

"சோறு திங்கிற கை இருக்குதில்ல. வா."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்தார். வேலையில் ஒரு இயந்திரத்தில் மகனின் இடது கை மாட்டிக்கொண்டது, இரண்டு விரல் போய்விட்டது, ஏழு மாதம் முன்பு. அம்மா தாங்க மாட்டாள் என்று சொல்லவில்லை. சொல்லாமல் பேசினால் குரலில் தெரிந்துவிடும் என்று பேசவும் இல்லை. இதையெல்லாம் அக்கா பின்னால் சொல்லித்தான் தெரியும். அப்போது அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. எனக்கு வேறெதுவும் செய்யத் தோன்றாமல் அவருக்குமேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுற்றிலும் மற்றவர்கள் உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். பலகை தரையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, "போங்க டீச்சர், புள்ளைங்க வெயிட் பண்ணும்," என்றார்.

திரும்பும்போது ஒரு காலணி சேற்றில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன், வார் கையோடு வந்தது, காலணி உள்ளேயே நின்றது. ஒற்றைக் காலில், குடையோடு, அறுந்த வாரைப் பிடித்துக்கொண்டு அந்த வெள்ளை வெளியின் நடுவே நின்றிருந்தேன். திடீரென்று சிரிப்பு வந்தது. சத்தமாகவே வந்தது. யாரும் இல்லை. இதை என் கணவரிடம் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குக் கற்பனை செய்யத் தெரியவில்லை. அந்த இலாகா என்னிடம் இருந்ததில்லை. சிரிப்பு அழுகையாக மாறியது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது என்றும் சொல்லலாம். வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன்.

மூன்றாவது அத்தியாயத்தைக் கோடை விடுமுறையில் புதிதாக எழுதினேன். நகைச்சுவை ஒரு பிரிவாக இல்லாமல் எல்லாப் பக்கத்திலும் வந்தது. இந்த மனிதர்கள் துன்பத்தை மறக்கச் சிரிப்பதில்லை, துன்பத்திலிருக்கும்போது ஒருவரையொருவர் கூப்பிடச் சிரிக்கிறார்கள் என்று எழுதினேன். பதில் சொல்ல ஆள் இல்லாதபோது அந்தச் சிரிப்பு என்ன ஆகிறது என்றும் ஒரு பத்தி எழுதினேன். அதை மட்டும் மூன்று முறை அடித்துவிட்டு மறுபடி சேர்த்தேன். அக்காவைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது. ஆய்வில் அதற்கு இடமில்லை. கைடு படித்துவிட்டுப் போன் செய்தார். "இப்ப சரியா இருக்கும்மா," என்றார். போனை வைத்ததும் வீடு முன்பைவிட நிசப்தமாகத் தெரிந்தது.

மகன் ஆடி மாதத்தில் வந்தான். ஒல்லியாக, இடது கையைப் பேன்ட் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு. என்னைப் பார்த்து வெட்கப்பட்டான். அக்கா அவன் கையை வெளியே இழுத்து எனக்குக் காட்டினார். "இனிமே இந்தக் கையில இவன் மூணுக்கு மேல எண்ண மாட்டான் டீச்சர்." அவனும் சிரித்தான். இரண்டு மாதத்தில் சென்னையில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல வந்து, சொல்லாமல் ஆட்டோவில் ஏறினார். அதற்கும் ஒரு கேலி சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

அந்த ஐப்பசியில் மழை இறங்கியதும் உப்பளம் மூடிக்கொண்டது. வரப்புகள்கூடத் தெரியாமல் எங்கும் தண்ணீர். பள்ளிக்கு நான்கு நாள் விடுமுறை விட்டார்கள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக யாரும் வரவில்லை. அந்த நான்கு நாளும் நான் வாய் திறந்து பேசியது பால்காரரிடம் மட்டும்தான். ஒரு மதியம் நாவலைச் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். மழைச் சத்தத்தில் என் குரல் யாருடையதோ போலிருந்தது. நிறுத்திவிட்டேன்.

பொங்கல் விடுமுறையில் சென்னைக்குப் போய் அவர்களைப் பார்த்துவந்தேன். நான்காவது மாடி, இரண்டு சிறிய அறை. அக்கா கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தார். மகன் மீன் குழம்பு வைத்து அவனே பரிமாறினான். ஊர்க் கதையெல்லாம் கேட்டார்கள். சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. புறப்படும்போது அக்கா பஸ் நிறுத்தம்வரை வந்தார். "தனியா இருக்கீங்களே டீச்சர்," என்றார். "பழகிடுச்சிக்கா," என்றேன். பழகவில்லை என்று இருவருக்கும் தெரியும். பஸ் வந்தது.

பாண்டி போகிற பஸ் அது. ஈசிஆரில் மரக்காணத்தில் இறங்கும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. பாத்திகளில் மழைத் தண்ணீரை வெளியேற்றி, அடுத்த பருவத்துக்கு வரப்பு கட்டத் தொடங்கியிருந்தார்கள். வீட்டுப் பூட்டைத் திறந்தேன். காலையில் குடித்துவிட்டுப் போன டீ டம்ளர் அடுப்பு மேடையில் அப்படியே இருந்தது. கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒருவருக்கு மட்டும் அரிசி போட்டேன்.